ஜூவாலஜி கிடைத்திருக்கிறது, சேரலாமா? வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்

முக்கூடல் பிள்ளை

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள், சேர ஒரு வாரம்தான் இருக்கிறது.

எனக்கு முக்கூடல். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தேன். பயாலஜி குரூப், ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, முழுக்கத் தமிழ் மீடியம். நீட் எழுதினேன், வரவில்லை. இன்னொரு வருஷம் கோச்சிங்குக்குக் கட்ட வீட்டில் தெம்பு இல்லை, எனக்கும் அதில் பெரிய ஆசை இல்லை என்பதை இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்திருக்கிறது. அய்யா நர்சிங் போ என்கிறார், மாமா டி.ஃபார்ம் படித்தால் மருந்துக்கடையிலாவது நிற்கலாம் என்கிறார், ஆச்சி மட்டும் "பல்லி பாச்சை படிக்கவா தெனமும் பஸ் ஏறிப் போகப்போற" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஏன் ஜூவாலஜி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பீடி இலை வைக்கிற அறையில் ஜன்னல் கம்பிக்கு மேலே ஒரு குளவி வருஷாவருஷம் மண்ணில் சின்னச் சட்டி மாதிரி கூடு கட்டும். ஆச்சி அதை உடைக்க விட மாட்டாள், கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும் என்பாள். குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து, அதைக் கொட்டிக் கொட்டியே தன்னை மாதிரி குளவியாக்கிவிடும் என்றும் சொல்வாள். நான் பத்தாம் வகுப்பு லீவில் ஆச்சி தூங்கும்போது ஒரு கூட்டை ஊக்கால் குத்தித் திறந்து பார்த்தேன். உள்ளே ஏழு பச்சைப் புழு இருந்தது. செத்திருக்கும் என்று நினைத்துத் தொட்டால் லேசாக ஒரு நடுக்கம் மட்டும் வருகிறது, ஓடவில்லை. அதற்கு நடுவில் வெள்ளையாக இன்னொரு புழு, அது ஒரு பச்சைப் புழுவைத் தின்றுகொண்டிருந்தது. அப்படியென்றால் பச்சைப் புழு குளவியாகவில்லை, வெள்ளைப் புழு அதைத் தின்றுதான் குளவியாகிறது என்று எனக்குத் தோன்றியது. பள்ளியில் கேட்டேன், "இது நீட்டுக்கு வராது, விடு" என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு இது ஓடுமா? தவளை எல்லாம் அறுக்கச் சொல்வார்களா, எனக்கு அது முடியாது. கடைசியில் வேலை என்று ஒன்று கிடைக்குமா, இல்லை ஆச்சி சொல்வதுதான் சரியா?

வண்ணார்பேட்டை ரெப்

தங்கச்சி, நான் பி.எஸ்சி. ஜூவாலஜி படித்தவன், எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன், அங்கே இருந்த நல்ல மனிதர்கள் இரண்டு பேருக்காக. மூன்று வருஷத்தில் நான் மைக்ரோஸ்கோப்பில் தனியாகக் கண் வைத்தது மொத்தமாகச் சேர்த்தால் ஒரு மணி நேரம் வராது. ஒன்பது பேருக்கு ஒரு மைக்ரோஸ்கோப், அதிலும் ஃபோகஸ் திருகு வழுக்கும். ரெக்கார்டு நோட்டு முழுக்க சீனியர் நோட்டைப் பார்த்து வரைந்தது, அவன் அவனுக்கு சீனியர் நோட்டைப் பார்த்து வரைந்தது, இப்படியே பின்னால் போனால் அந்த மண்புழுவை உண்மையில் பார்த்து வரைந்தவர் யார் என்று யாருக்குமே தெரியாது. பாட்டிலில் இருப்பதைப் பார்த்து என்ன உயிர் என்று எழுதுகிற ஸ்பாட்டர் பரீட்சைக்கு, பாட்டிலின் மூடி நிறத்தை வைத்து மனப்பாடம் செய்வோம். சிவப்பு மூடி பலனோகிளாசஸ் என்கிற கடல் புழு, மூடி இல்லாதது கடல் அட்டை. ஒரு வருஷம் யாரோ மூடியை மாற்றிவிட்டார்கள், வகுப்பில் பாதிப் பேர் அவுட்.

அப்புறம் பி.எட். இரண்டு வருஷம். அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. டெட் பாஸானால் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்கப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி.யின் நியமனத் தேர்வு தனி என்றார்கள். வயசு ஓடுகிறது. இப்போது மெடிக்கல் ரெப்பாக பேக்கைத் தூக்கிக்கொண்டு ஹைகிரவுண்டு பக்கம் ஒவ்வொரு டாக்டர் வாசலாக நிற்கிறேன். நர்சிங் கிடைத்தால் நர்சிங் போ. மனசார சொல்கிறேன்.

ஓய்வு வாத்தியார்

மகளே, பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வேலையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் முதலில் உன் குளவிக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை என் வகுப்பில் முதல் வருஷத்தில் கேட்ட பிள்ளை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

நீ பார்த்தது சரி. "கொட்டக் கொட்டக் குளவி" என்று நம் ஊரில் காலம்காலமாகச் சொல்லி வருவது, குரு சிஷ்யனைத் தன்னைப்போல ஆக்குகிறார் என்பதற்கு உவமையாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கூட்டுக்குள் நடப்பது வேறு. சட்டி மாதிரி கட்டுவதை வைத்தும் உள்ளே பச்சைப் புழு இருந்ததை வைத்தும் அது யூமெனிஸ் வகைக் குளவி என்று நினைக்கிறேன். கூட்டைக் கட்டி முடித்ததும் முதல் வேலையாக உள்ளே ஒரு முட்டையை மெல்லிய நூலில் கூரையிலிருந்து தொங்கவிடும். அதற்கப்புறம்தான் புழு வேட்டை. கொடுக்கில் இருக்கும் நஞ்சு புழுவைக் கொல்லாது, முடக்கிப் போட்டுவிடும், அதனால்தான் நீ தொட்டபோது நடுங்கியது. செத்தால் இரண்டு நாளில் அழுகிவிடும் அல்லவா, உயிரோடு அசையாமல் கிடந்தால் குஞ்சுக்குக் கடைசி வரை புதுச் சாப்பாடு. முட்டையை ஏன் தொங்கவிடுகிறது என்றால், அரை உயிரோடு கிடக்கும் புழுக்கள் நெளிந்து முட்டையை நசுக்கிவிடாமல் இருக்கத்தான் என்பார்கள். இன்னொரு மண்குளவி உண்டு, இடுப்பு நூல் மாதிரி நீளமாக இருக்கும், சுவரில் மண்ணை அப்பிக் குழாய் குழாயாகக் கட்டும், அதன் கூட்டைத் திறந்தால் புழு இருக்காது, சிலந்தியாக அடைத்து வைத்திருக்கும். அடுத்த லீவில் அதையும் பார். ஆச்சிக்குத் தெரியாமல்.

தமிழ் மீடியம் பற்றிக் கேட்டாய். பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு என்னால் போக முடியாது, முதல் செமஸ்டர் கஷ்டம்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பார், உனக்குக் கணுக்காலிகள் என்று சொன்னாலே கணுக் கணுவாகக் கால் இருப்பவை என்று அர்த்தம் புரிந்துவிடுகிறது. இங்கிலீஷ் மீடியத்தில் வந்த பிள்ளைக்கு ஆர்த்ரோபோடா என்பது வெறும் சத்தம். ஆர்த்ரான் என்றால் மூட்டு, போடா என்றால் கால், கிரேக்கச் சொல், அவ்வளவுதான். முட்தோலிகள், குழியுடலிகள், மெல்லுடலிகள் என்று நீ படித்ததை ஒரு பக்கமும் எக்கினோடெர்மேட்டா, சீலென்டரேட்டா, மொலஸ்கா என்று மறு பக்கமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா, இரண்டு மாதத்தில் பழகிவிடும். சேரும்போதே அந்தக் கல்லூரியில் விலங்கியலுக்குத் தமிழ் மீடியப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள். பள்ளியிலிருந்து டிகிரி வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. டிகிரியை மட்டும் இங்கிலீஷில் படித்தால் டிகிரி தகுதியுள்ள வேலைகளுக்கு அது போய்விடும். இதை அட்மிஷன் அன்று யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். எதை எடுப்பது என்பது உன் இஷ்டம், மேல்படிப்புக்கு வெளியூர் போவதாக இருந்தால் இங்கிலீஷ் எப்படியும் வேண்டும்.

தவளை. எங்கள் காலத்தில் கோணிச்சாக்கில் உயிரோடு வந்து இறங்கும், லேபில் குளோரோஃபார்ம் வாசனை மாலை வரை சட்டையில் இருக்கும். தவளைக்கால் ஏற்றுமதியை 1987-இல் தடை செய்தார்கள், நெல் வயலில் தவளை குறைந்ததும் பூச்சி பெருகியது என்ற பேச்சு அப்போது பெரிசாக அடிபட்டது. கல்லூரிகளில் விலங்கு அறுப்பதை நிறுத்தச் சொல்லி பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2014-இல் அறிவித்துவிட்டது. அதனால் உன் கையில் யாரும் தவளையைக் கொடுக்கப்போவதில்லை. படம், மாடல், கம்ப்யூட்டர் என்று போகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் நிம்மதி, இரண்டும் உண்டு.

ஆனால் கை படாமல் இந்தப் படிப்பு வராது. ஒரு வேலை சொல்கிறேன், சேருவதற்கு முன்னாலேயே செய். மீன் மார்க்கெட்டில் தலையோடு இருக்கும் பெரிய இறால் நாலு வாங்கு. ஒரு இறாலுக்கு 19 ஜோடி உறுப்பு உண்டு, மீசையில் தொடங்கி வால் துடுப்பு வரை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு வெள்ளை அட்டையில் வரிசையாக வை. தலையில் ஆரம்பித்தால் வாயருகே குழம்பிவிடுவாய், வாலில் ஆரம்பி. வயிற்றில் நீந்துகிற கால் 5, அதற்குப் பின்னால் வால் துடுப்பு 1, நெஞ்சில் நடக்கிற கால் 5, அதற்கு முன்னால் தாடைக்கால் 3, அப்புறம் வாயைச் சுற்றி இருப்பவை. வரிசையாக வைத்து முடித்துவிட்டுச் சும்மா ஒரு ஐந்து நிமிஷம் பார். ஒரே கால்தான், நடக்க ஒரு மாதிரி, நீந்த ஒரு மாதிரி, மெல்ல ஒரு மாதிரி மாறியிருப்பது உனக்கே தெரியும். அது தெரிந்து உனக்கு உடம்பு சிலிர்த்தால் சேர். இல்லையென்றால் உன் அய்யா சொல்வதைக் கேள், அதிலும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஆலங்குளம்2003

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், டிகிரி முடிகிற வரை. என்ன படித்தாலும் வரும், நர்சிங்கோ ஜூவாலஜியோ. ஆதார், பேங்க் கணக்கு ரெண்டையும் இப்பவே சரி பண்ணி வைங்க. பஸ் பாஸுக்கும் போட்டோ எடுத்து வைங்க. வேறொன்றும் எனக்குத் தெரியாது.

கொசுக்காரி

ஏட்டி, ஒன்பது வருஷமாக நான் கொசு பிடித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் நான் பேசலாம்.

எனக்கும் இதே கதைதான், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், நீட்டுக்கு முந்தைய காலம் என்பதால் கட்-ஆஃப் பத்தவில்லை, கிடைத்தது ஜூவாலஜி. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து "புழுப்பூச்சி டாக்டரு" என்பார்கள். பி.எஸ்சி. முடித்ததும் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, 1975-இல் ஆரம்பித்தது, அங்கே பொதுச் சுகாதாரப் பூச்சியியல் என்று இரண்டு வருஷ எம்.எஸ்சி. உண்டு. நுழைவுத் தேர்வு எழுதிப் போனேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது, எனக்கும் ஒரு பழைய செய்தித்தாளில் வடை மடித்து வந்ததால்தான் தெரியும், பொய் சொல்லவில்லை.

வேலை என்ன தெரியுமா? டெங்கு வந்த தெருவுக்குக் காலையில் போவது, வீடு வீடாகத் தொட்டி, உரல், டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் சாசர் எல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பது. கரண்டியில் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினால் புழு தெரியும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் டெங்கு பரப்புகிற ஏடிஸோ, கியூலெக்ஸோ, தண்ணீருக்கு மேல் மட்டமாகப் படுத்துக் கிடந்தால் மலேரியா பரப்புகிற அனோபிலிஸ், ஏனென்றால் அதற்கு மூச்சு விடுகிற குழாய் கிடையாது, உடம்பையே மேலே ஒட்டிப் படுத்தாக வேண்டும். இதைப் பார்த்ததுமே டெங்குவா மலேரியாவா எதற்கு ஓட வேண்டும் என்று பாதி முடிவாகிவிடும். ஏடிஸ் முட்டையை தண்ணீரில் இடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஈரத்தில் ஒட்டும். தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், திரும்பத் தண்ணீர் பிடித்த அன்றைக்குப் பொரிக்கும். அதனால்தான் நாங்கள் தண்ணீரைக் கொட்டு என்று மட்டும் சொல்லாமல் தொட்டியைத் தேய்த்துக் கழுவு என்று கத்துகிறோம். தாமிரபரணி பக்கத்திலேயே ஓடினாலும் குடிதண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தெரு இருக்கிறது, ஜனங்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கத்தான் செய்வார்கள், கொசுவுக்குக் கொண்டாட்டம். ஜூவாலஜி படித்தால் இந்தத் தொடர்பு எல்லாம் புரியும், ஆனால் தண்ணீர் விட வைக்க முடியாது. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் இந்த வேலை.

நிரந்தர வேலை குறைவு, நிறைய ஒப்பந்தம்தான். அதை மறைக்க மாட்டேன். சம்பளம் பெரிசு இல்லை. ஆனால் புழுப்பூச்சி டாக்டர் என்று சிரித்த வீட்டில் டெங்கு வந்தபோது முதல் போன் எனக்குத்தான் வந்தது.

ரெப் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி: மருந்துக் கம்பெனி இன்டர்வியூவில் உங்களை எடுத்தது எந்த டிகிரியை வைத்து?

வண்ணார்பேட்டை ரெப்

சரி, பிடித்துவிட்டீர்கள். சயின்ஸ் டிகிரி வேண்டும் என்றார்கள், ஜூவாலஜி என்றதும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் டாக்டரிடம் பேசுவதற்கு வேண்டியது எல்லாம் கம்பெனி டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், நேற்று எழுதும்போது வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மூன்றாம் வருஷம் எங்களுக்கு ஒரு மேடம் வந்தார், தற்காலிக ஆள். ஒரு நாள் காலையில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு காம்பவுண்டுக்கு வெளியே வாறுகாலுக்குப் போனார். பழைய டீ வடிகட்டியால் சேற்றை அள்ளி, ரத்தச் சிவப்பாக நெளிகிற புழு இருபது பிடித்தோம். கைரோனோமஸ், கொசு மாதிரி இருக்கும் ஆனால் கடிக்காத பூச்சியின் புழு, ரத்தத்தில் நம்மை மாதிரியே ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு, அதனால்தான் அந்தச் சாக்கடையிலும் மூச்சு விடுகிறது. ஸ்லைடில் வைத்து இரண்டு ஊசியால் தலையைப் பிடித்து இழுத்தால் எச்சில் சுரப்பி கண்ணாடி மாதிரி கூடவே வரும். அசிட்டோகார்மைன் என்கிற சாயம் ஒரு சொட்டு, மேலே கவர் ஸ்லிப், கட்டைவிரலால் ஒரே அழுத்து. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோம் பட்டை பட்டையாக, மண்புழு மாதிரி தடியாக, கண்ணுக்கு முன்னால் கிடந்தது. செல் பிரியாமலே டி.என்.ஏ. திரும்பத் திரும்பப் பெருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அவ்வளவு தடி. புத்தகத்தில் படமாகப் பார்த்தது எங்கள் கல்லூரி வாறுகாலிலேயே இருந்திருக்கிறது, இரண்டரை வருஷம் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போயிருக்கிறோம்.

அந்த மேடம் அடுத்த வருஷம் இல்லை. கான்டிராக்டைப் புதுப்பிக்கவில்லை என்று கேள்வி.

நர்சிங் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் சேர்ந்தால் அந்த மாதிரி ஒரு வாத்தியார் யார் என்று முதல் மாதமே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்.

மணிமுத்தாறு

மேலே எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் காட்டுப் பக்கம் வேலை செய்கிறவன், அதை மட்டும் சொல்கிறேன்.

பி.எஸ்சி. பாளையில், எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில். தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு அங்கேயும் மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் இருக்கிறது. டேராடூன், பெங்களூரு என்று பெரிய இடங்களும் உண்டு, அங்கெல்லாம் நுழைவுத் தேர்வு, ஒரு பேட்சுக்கு எடுப்பது கொஞ்சம் பேர்தான். வனத்துறை அதிகாரி ஆக வேண்டும் என்றால் ஐ.எஃப்.எஸ். தேர்வுக்கு விலங்கியல் டிகிரி செல்லும், ஆனால் அது சிவில் சர்வீஸ் பிரிலிம்ஸ் வழியாகத்தான் போக வேண்டும், மலை ஏற்றம் மாதிரி.

ஆராய்ச்சி என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, பாடம் லைஃப் சயின்ஸஸ். 200 மார்க், மூன்று மணி நேரம். அதில் பாதி, 100 மார்க், கடைசிப் பகுதிக்கு மட்டும், 75 கேள்வியில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் நாலு மார்க். எல்லாவற்றையும் படிக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள், நாலைந்து யூனிட்டில் கெட்டியாக இருப்பவன் தேறிவிடுவான். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வந்தால் மாதம் 37,000 ரூபாய். பி.எச்டி.யை அரை வயிற்றோடு செய்ய வேண்டியதில்லை.

இதெல்லாம் பிற்பாடு. இப்போது பி.எஸ்சி. படிக்கும்போது நீங்கள் இருக்கிற இடத்தின் அருமை தெரிய வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் எத்தனையோ பேர், சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் தேடி வந்து காக்காச்சி மழையில் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு நிற்பார்கள். நமக்கு அது முக்கூடலிலிருந்து காலையில் கிளம்பினால் பார்வையில் நிற்கிற மலை. தாமிரபரணி பெயரையே வைத்த மீன் ஒன்று உண்டு தெரியுமா? டாகின்சியா தாம்பிரபர்ணியை. சின்னக் கெண்டைதான், ஆணுக்கு முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்பாதிப் பெயர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற இங்கிலாந்து உயிரியலாளருக்காக வைத்தது, பின்பாதி நம் ஆறு. ஆற்றில் குளிக்கும்போது காலைக் கடிக்கிற மீன்களில் அதுவும் இருந்திருக்கலாம். இப்போது ஜிலேபிக் கெண்டைதான் எங்கே பார்த்தாலும், அது வாய்க்குள்ளேயே குஞ்சைக் காப்பாற்றி வளர்க்கிற வெளிநாட்டு மீன், நம் மீனுக்கு இடம் விடாது.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஜனவரிக்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்து அங்கே நாங்குநேரி வெயிலில் மேய்ந்துகொண்டிருக்கும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு கட்டும், கீழே விழுந்த குஞ்சை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம், அதனால் பறவையை விரட்ட மாட்டார்கள். பறவையும் ஊரும் எப்படி ஒத்துப்போகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எந்த எக்காலஜி புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பக்கத்திலேயே வேய்ந்தான்குளம். கல்லூரி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற இருபது நிமிஷத்தில் என்னென்ன பறவை, எத்தனை என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மூன்று வருஷம் விடாமல் எழுதினால் அது வெறும் நோட்டு இல்லை, டேட்டா. எம்.எஸ்சி. இன்டர்வியூவில் நான் மேசையில் வைத்தது மார்க் ஷீட்டும் அப்படி ஒரு நோட்டும்தான், அவர்கள் மார்க் ஷீட்டைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு ஜனவரியும் கடைசி வாரத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவள காப்பு மையம் ஏற்பாடு செய்கிறது, கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் வரலாம், எழுத ஒரு ஆள் எப்போதும் வேண்டும்.

ரெப் அண்ணாச்சி சொன்ன மூடி பாட்டில் கதை எங்கள் கல்லூரியிலும் உண்டு. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படிப் படிக்கிற பிள்ளைதான் கெட்டுப்போகிறது. லேப் மோசமாக இருந்தால் குளத்துக்குப் போங்கள். குளத்துக்கு ஃபோகஸ் திருகு தேவையில்லை.

முக்கூடல் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. சேர்ந்துவிட்டேன், நேற்று ஃபீஸ் கட்டினோம். ஆலங்குளம் அண்ணன் சொன்ன 1000 ரூபாயைச் சொன்னதும் அய்யா ஒரு மாதிரி இறங்கி வந்தார், மாமா இன்னும் பேசவில்லை. தமிழ் மீடியம் பிரிவு பற்றிக் கேட்டேன் சார், கவுண்டரில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு "யாரு சொன்னா உனக்கு" என்று கேட்டார்.

கொசுக்காரி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி எங்கள் வீட்டு உரல் தண்ணீரைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன், எல்லாம் சாய்ந்துதான் தொங்கியது. ஆச்சியிடம் காட்டினேன். அவளே உட்கார்ந்து உரலைத் தேய்த்துக் கழுவினாள். குளவி விஷயம் மட்டும் நம்பவில்லை.

வாத்தியார் சாருக்கு: அம்மா பீடிச் சம்பளம் வாங்கிய அன்றைக்கு இறால் வாங்கித் தந்தாள். நாலும் பெரிசு. வாலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் காலண்டர் அட்டையில் வைத்தேன். நீந்துகிற கால், நடக்கிற கால், தாடைக்கால் எல்லாம் சரியாக வந்தது, அம்மா சுற்றுவதை நிறுத்திவிட்டு அவளும் எண்ணினாள். ஆனால் மூன்று இறாலிலும் 18 ஜோடிதான் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

இன்னும் ஒரு முழு இறால் மிச்சம் இருக்கிறது.

ஓய்வு வாத்தியார்

விட்டது முதல் மேக்சில்லாவாகத்தான் இருக்கும், வாயருகே இருக்கும் துணைத் தாடை. மெல்லிசாக இலை மாதிரி, நகத்தளவு கூட இருக்காது, கெட்டித் தாடையான மாண்டிபிளைப் பிடித்து இழுக்கும்போது அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கும், நீ இரண்டையும் ஒன்றாக எண்ணியிருப்பாய். நாலாவது இறாலில் வாயருகே வந்ததும் இழுக்காதே, ஒரு கிண்ணத்துத் தண்ணீருக்குள் வைத்து ஊக்கால் மெதுவாகப் பிரி, தண்ணீரில் அது தனியாக மிதந்து விரியும்.

முக்கூடல் பிள்ளை

கிடைத்துவிட்டது சார். 19.

அம்மா கேட்கச் சொன்னாள், காலைப் பிடுங்கிய இறாலை எல்லாம் குழம்பு வைக்கலாமா?

ஓய்வு வாத்தியார்

ஃபார்மலினில் போடவில்லைதானே? வைக்கச் சொல்.